அக்காவுக்கு எடுத்த வளையல்

என் எவர்சில்வர் டப்பாவில் ஒரு பச்சைக் கண்ணாடி வளையல் இருக்கிறது. என் அளவு இல்லை, பெரிய கைக்காக வாங்கியது. சிங்கப்பூரில், என் தெம்பனிஸ் வீட்டில் மத்தியானத்தில் மின்விசிறிச் சத்தம் ஒன்றுதான் துணை. அந்த நேரத்தில் அதை எடுத்துத் துடைத்து வைப்பேன்.

ஐம்பதுகளின் கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில், பிரசவ வார்டில் ஆயாவாக இருந்தேன். எங்களுக்கு நாள்கூலி. ஆயாவுக்கே வயிறு தெரிய ஆரம்பித்தால் வேலை போய்விடும். பெற்றுவிட்டுத் திரும்பினால் புது ஆளாகத்தான் சேர்ப்பார்கள், அதுவும் இடம் இருந்தால். அதனால் வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொள்வோம். அப்படிக் கட்டிக்கொண்டு பிறர் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோதுதான் என் முதல் கர்ப்பம் கலைந்தது. அடுத்த தடவையும் அதையேதான் செய்தேன். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் நிரந்தர வேலை இல்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

எங்கள் வார்டில் தொழிற்சங்கத்துக்கு ஆள், கணவனை இழந்த ஓர் அக்கா. துணி மாற்றும் அறையில் என்னைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. முடிச்சை அவர் கையாலேயே அவிழ்த்துவிட்டு, “மூச்சு விடு புள்ள” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைப் பக்கத்து மாடியில் சங்கக் கூட்டம். நான் கதவோரம் நின்றேன். மாதச் சம்பளம், சீக்கு லீவு என்று கோரிக்கைகளை வாசித்த செயலாளர் பிரசவ லீவை விட்டுவிட்டார். ஏன் என்று அக்கா கேட்டார்.

“இந்தத் தடவ சம்பளத்த மட்டும் பேசுவோம்லா, அக்கா. பொம்பளைங்க விஷயம் அடுத்த வருஷம்.”

“அதுவரைக்கும் இந்தப் புள்ளயப் புள்ளத்தாச்சியாவே இருக்கச் சொல்லவா, தம்பி?”

ஆண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. “சரி, அப்ப நாங்க ஒரு விசேஷம் வைக்கிறோம். அதுக்காவது வாங்க” என்றார்.

ஏழாம் மாதம் அதே மாடியில் எனக்கு வளைகாப்பு நடந்தது. மறைத்து வைத்த வயிற்றை ஊரறியச் செய்வது என்று அவர் முடிவு செய்திருந்தார். தேக்கா சந்தைக்குக் கூட்டிப்போய் வளையல் வாங்கியபோது, அவர் அளவிலும் ஒன்று எடுத்தேன். நீட்டினேன். வாங்கவில்லை. என் கையில் மற்றவர்கள் வளையல் போடும்போதும் சுவரோரமாகவே நின்றார். தாலியறுத்தவள் என்று ஒதுங்குகிறார் என நினைத்தேன்.

வார்டுக்குள் நகையே போடக்கூடாது. ஆனால் வளைகாப்பு வளையலைப் பிள்ளை பிறக்கும்வரை கழற்றுவது எங்கள் வழக்கத்தில் இல்லை. மறுநாள் வளையல் கையோடு நுழைந்தேன். என் வளையல் சத்தத்துக்கு எதிர்க்கோடியிலிருந்து இன்னொரு வளையல் சத்தம் கேட்டது. எங்கள் மலாய்க்கார ஆயா. அப்புறம் சீன ஆயா. கட்டில் கட்டிலாக எல்லா ஆயாக்கள் கையிலும் கண்ணாடி வளையல். தாய்மார்கள் எழுந்து உட்கார்ந்து சிரித்தார்கள். எத்தனை பேர் மாசமாக இருக்கிறார்கள் என்றே தலைமை நர்ஸான மேட்ரனுக்குப் புரியவில்லை. யாரைப் போகச் சொல்வார்? எல்லாரையும் அனுப்பினால் வார்டு நின்றுபோகும்.

மொட்டைக் கை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அக்காவுடையது. அதை வைத்தே தூண்டிவிட்டவர் யார் என்று மேட்ரன் கண்டுகொண்டார்.

செய்தி மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் போனது. பேச்சுவார்த்தைக்குப் போன செயலாளரால் பிரசவ லீவை இனிமேல் தள்ளிவைக்க முடியவில்லை. சம்பளத்தோடு லீவு, திரும்பி வந்தால் அதே வேலை என்று முடிவானது. அக்காவை மட்டும் தீவின் அந்தக் கோடியில் இருந்த தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி குவாட்டர்ஸைக் காலி செய்த அன்று ஒரே ஒரு தகரப்பெட்டியோடு நின்றார். வளையலை மறுபடி நீட்டினேன்.

“கிறுக்கு. நானும் போட்டிருந்தா கோவத்த ஒங்க எல்லார் மேலயும் காட்டிருப்பாங்க. காட்டுறதுக்கு ஒரு கை வேணும்ல? நீயே வச்சிரு. அங்க எனக்கு யாரு போட்டுவிடப் போறா?”

மகள் பிறந்தாள். லீவு முடிந்து என் வார்டுக்கே திரும்பினேன். அக்கா இருந்த இடத்தில் வேறொருத்தி இருந்தாள், நல்லவள்தான். தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள். வாசல்வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

மகள் இப்போது ஆஸ்திரேலியாவில். தனக்குப் பிரசவ லீவு கொடுத்துவிட்டார்கள் என்று பேத்தி போனில் சொன்னாள். அந்த வளையல்களைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். “சரி பாட்டி, அப்புறம் பேசுறேன்” என்று வைத்துவிட்டாள்.

இன்று டப்பாவைத் திறந்து அதைப் போட்டுப் பார்த்தேன். முழங்கை வரை போயிற்று. கையைத் தொங்கவிட்டதும் நழுவியது. விழாமல் பிடித்துக்கொண்டேன். ஒற்றை வளையல், ஆட்டினாலும் சத்தம் வராது.