மருந்துப் பட்டை மேல் வைத்த சுடுதண்ணீர்ப் பை

என் மாமியாருக்கு எலும்பில் புற்றுநோய். வலியில் துடித்தவருக்குத் தோளில் ஒட்டினால் தோல் வழியே வலி மருந்தை இறக்கும் மருந்துப் பட்டை ஒன்றை டாக்டர் கொடுத்தார். அதன்பிறகுதான் அவர் தூங்கவே ஆரம்பித்தார்.

போன மார்கழியில் ஒரு காலை, காரமடையில் நல்ல குளிர். கஞ்சியோடு போய், "அத்தை, எந்திரிங்க" என்றேன். உலுக்கியும் கண் திறக்கவில்லை. ஒரு மூச்சு விட்டால் அடுத்த மூச்சு வருமா என்று காத்திருக்க வேண்டியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

மாமனார் சாதாரணமாக, "குளுருதுன்னு சொன்னா, அம்மணி. தோள்ல சுடுதண்ணிப் பை வச்சேன். நல்லாத் தூங்கறா" என்றார்.

பை அந்தப் பட்டையின் மேலேயே இருந்தது. 108க்கு அழைத்து நடந்ததைச் சொன்னேன். "பையை எடுத்துட்டு, பட்டையை உரிச்சுப்போடுங்க. கூப்பிட்டுட்டே இருங்க, மூச்சைப் பாருங்க" என்றார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை "அத்தை, அத்தை" என்று கத்திக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் மருந்தை முறிக்கும் ஊசி போட்டார்கள். கண் திறந்தவர், "ஐயோ, வலிக்குதே" என்று அலறினார். அந்த அலறலைக் கேட்டு நானும் மாமாவும் அழுதோம்.

"சூடு பட்டா மருந்து வேகமா உள்ளே இறங்கி மூச்சையே அடக்கிருமுங்க. காய்ச்சல் சூட்டுலயும் அப்படித்தான், வந்தா உடனே சொல்லுங்க" என்றார் நர்ஸ்.

இப்போதும் அத்தைக்குப் பட்டை ஒட்டுகிறோம். அதன் பக்கம் சூடு எதுவும் போவதில்லை. குளிரெடுத்தால் மாமா கம்பளியைப் போர்த்திவிட்டு, அருகிலேயே உட்கார்ந்து அத்தையின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.