இடக்கை ராஜா போன பிறகு

வெந்திமீலியா ஊர் ஒரெஸ்தே இடக்கையால் போடும் சர்வீஸில் முழி பிதுங்காத டென்னிஸ் வீரன் உலகத்திலேயே கிடையாது. சரி, உலகம் என்பது கொஞ்சம் அதிகம். முதல் பத்து இடத்தில் இருந்தவர்களில் ஏழு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டிகளில் அவன் பெரிதாக ஒன்றும் ஜெயித்துவிடவில்லை. ஆனால் டென்னிஸின் அரியணையில் ஓர் இடக்கை ராஜா இருந்தவரை அவன் பாடு கொண்டாட்டம். ராஜாவோடு மோதப் போகிறவர்களுக்கு முதல் நாள் ஆடிப் பழக ஓர் இடக்கை வேண்டும். கூப்பிட்டால் ஒரெஸ்தே ரயிலேறி, பெரிய வீரர்கள் குடியிருக்கும் மொனாக்கோ போவான். ராஜா மாதிரியே பந்தை வளைப்பான். ராஜா மாதிரியே முனகுவான்.

ராஜா ஓய்வு பெற்றார். பட்டங்களை இரண்டு இளைஞர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். இரண்டு பேரும் வலக்கை. ஒரெஸ்தேயின் போன் ஊமையாகிவிட்டது. அக்கா மிரெல்லாவின் காப்பிக்கடைச் சுவரில் வலக்கையால் அடித்துப் பார்த்தான். பந்து சுவரை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரி கொடியில் காயப்போட்ட படுக்கை விரிப்பைத் தேடிப் போனது.

மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை அஸ்கர் என்ற டென்மார்க் பையன். இடக்கை. அந்த இருவரில் ஒருவனை இன்றைய அரையிறுதியில் அவன் சாய்த்துவிட்டால் எல்லோருக்கும் பழைய பயம் வரும், போன் அடிக்கும். அக்கா கடை டிவிக்கு முன்னால் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முதல் செட் அஸ்கருக்கு. ஒரெஸ்தே போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். அடுத்த செட் கை நழுவியது. கடைசி செட்டில் பையன் தோல்விக்கு ஒரே புள்ளி தூரத்தில் நின்று சர்வீஸ் போட்டான். சர்வீஸ் வலையில் போய் விழுந்தது. ஒரெஸ்தே எழுந்து, இடக்கையைத் தூக்கி, இப்படிப் போடணும் என்று டிவிக்குக் காட்டினான். பையன் அடுத்ததையும் வலையிலேயே போட்டான். ஆட்டம் முடிந்தது.

தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பின்கழுத்தைச் சொறிந்துகொண்டான்.

"சின்னப் பையன்தானேக்கா, அடுத்த வருஷம் ஜெயிப்பான்," என்றான். "ஏழு பேர் என்கிட்ட பழகிட்டுப் போயிருக்காங்க. மறந்துடுவாங்களா?"

மிரெல்லா கோப்பையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "ஏழு இல்லடா, மூணு. ரெண்டு பேர் ஆட்டத்தையே விட்டாச்சு. மூணாவது ஆள் போன வாரம் கடைக்கு போன் பண்ணினார். உனக்குத் தெரிஞ்ச வலக்கை ஆள் யாராவது இருக்காங்களான்னு கேட்டார்."