கஞ்சி போட்ட சட்டை

மந்தைவெளி. எங்கள் எம்.எல்.ஏ. வீட்டுக்கு எதிரே, இஸ்திரி வண்டியின் நிழலில் காலையிலிருந்து நிற்கிறேன். நான் சேலத்துப் பக்கம் மரவள்ளி போடுகிறவன். மானியத்தை நேராக விவசாயிக்கே தரவேண்டும் என்ற தீர்மானம் சட்டசபைக்கு வந்தபோது இவர் எதிர்த்துக் கை தூக்கினார். பணம் பழையபடி, எங்கள் கிழங்கை வாங்கும் ஜவ்வரிசி ஆலைகளுக்கே போகிறது. ஏன் என்று கேட்கத்தான் வந்தேன்; இஸ்திரிக்காரரிடமும் சொன்னேன்.

இஸ்திரிக்காரர் ஒரு வெள்ளைச் சட்டையை விரிக்கிறார். பலகை மாதிரி விறைத்திருக்கிறது.

"அவரு சட்டைதான். ஜவ்வரிசிக் கஞ்சி. ஆலைக்காரங்க மூட்டையா அனுப்புறாங்க. அப்பால அவரு இன்னா பண்ணுவாரு? அடுத்த தபா ஓட்டு போடாத நைனா."

"ஆலை மூடினா எங்க ஊர்ல பாதிப் பேருக்கு வேலை இல்லைங்க. எம் மருமவளும் அங்கதான் போறா. ஆலையக் காப்பாத்துங்கன்னு போன எலெக்‌ஷன்ல இவருகிட்ட மனு குடுத்ததே நாந்தானுங்க."

அவர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்க்கிறார்.

கேட் திறக்கிறது. வெளியே வந்த கார் என்னருகில் நிற்க, கண்ணாடி இறங்குகிறது. எம்.எல்.ஏ.வுக்கு என்னை அடையாளம் தெரிகிறது.

"என்னங்க, ஆலை நல்லா ஓடுதா?"

"ஓடுதுங்க" என்று கும்பிடுகிறேன்.