சகலனின் மகன் போட்ட சப்பாத்து

ஐம்பதுகளின் நடுவில் கல்முனையில், கால் விளங்காத பிள்ளைகளுக்கென்று சனிக்கிழமை காலைகளில் ஒரு கிளினிக் நடந்தது. மட்டக்களப்பிலிருந்து டொக்டர் வருவார். இளம்பிள்ளை வாதம் வந்த காலை அளந்து, இரு பக்கமும் இரும்புக் கம்பி பூட்டிய சப்பாத்துச் செய்விப்பார். என் மகளுக்கும் என் சகலனின் மகனுக்கும் வலக்கால்தான் விளங்கவில்லை.

எங்கள் ஊர் வழக்கப்படி நானும் சகலனும் பெண் வீட்டுக்கு வாழ வந்த மாப்பிள்ளைகள். அக்கா தங்கைக்கு அடுத்தடுத்த வீடு, ஒரே வளவு, ஒரே கிணறு. அவர் தோணிக்காரர், நான் பள்ளிக்கூட மாஸ்டர். அவரைவிட நான் ஒரு படி மேல் என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

இரு பிள்ளைகளுக்கும் அளவெடுக்க வரச்சொன்ன சனிக்கிழமையில் கடற்கரைப் பள்ளிவாசலில் கொடியேற்றம். கொடிமரத்தடியில் மகளை இருத்தி, அவள் காலுக்காக ஓதுவிப்பதாக நான் நேர்ந்திருந்தேன்.

"கொடி பின்னேரந்தானே ஏத்துவாங்க. காலையில கிளினிக்குக்குப் போய்ட்டு வருவமே," என்றாள் மனைவி.

"அந்தச் சனத்துக்குள்ள பொறகு இடம் கிடைக்குமா? டொக்டர் எங்க ஓடப்போறார்? அடுத்த கிழமை போவம்."

சகலன் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனார்.

அடுத்த சனி அங்கே கதவு பூட்டியிருந்தது. டொக்டருக்கு இடமாற்றம், இனி ஒருவரும் வரமாட்டார்கள் என்றான் காவல்காரன். பாலமுனையிலிருந்தும் சவளக்கடையிலிருந்தும் பிள்ளைகளைச் சுமந்து வந்தவர்கள் திரும்பிப் போகவும் மனமில்லாமல் வெயிலில் நின்றார்கள். முந்திய கிழமை அளவு கொடுத்தவர்களின் சப்பாத்துகள் மட்டும் பிறகு பஸ்ஸில் வந்து சேர்ந்தன.

சகலனின் மகன் நடந்தான். கிணற்றடிச் சீமெந்தில் அந்தக் கம்பி தட்டும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. அதன் வார் அறுந்து போகட்டும் என்று தொழுகையில் நிற்கும்போதுகூட நினைத்திருக்கிறேன்.

"மாஸ்டர், இவன் உங்கட பள்ளிக்கூடத்துக்கு நடந்தே வரப்போறான். பிரம்பக் கொஞ்சம் ஒளிச்சி வைங்க," என்று சகலன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவன் கால் வளர்ந்தது. சப்பாத்தைப் பெருப்பித்துத் தர ஆளில்லை. ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கிணற்றுக்கட்டைப் பிடித்தபடி என் மகள் நின்றாள். சகலனின் மனைவியான மதினி கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

"வாப்பா, நான் நிக்கன்," என்றாள் மகள்.

நான் குந்தியிருந்து வாரை அவிழ்த்தேன்.

"அவன் கழட்டிப் போட்டது என்ட புள்ளைக்கு வேணாம்."

"புள்ள நிண்டாளே, பாத்தீங்களா?" என்றாள் மனைவி.

பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் கழற்றினேன். சகலன் வீட்டுப் படியில் கொண்டுபோய் வைத்தேன். அவர் அதைச் சவளக்கடையில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்.

சப்பாத்தில்லாமல் அவருடைய மகனும் மறுபடி முழங்காலில் கையை ஊன்றி நடக்கத் தொடங்கினான். அதைக் கண்டபோது எனக்கு மனம் ஆறியது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

இன்றும் என் மகள்தான் எனக்குத் தேத்தண்ணீர் கொண்டுவருகிறாள். ஒரு கை முழங்காலில், மறு கையில் கோப்பை. அன்று கிணற்றடியில் நின்றது நினைவிருக்கிறதா என்று போன மாதம் கேட்டேன். இல்லை என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.