மெல்லத் தின்னப் பழகிய டைகர்

முதலில் தேங்காய்ச் சிரட்டை மண்ணில் இழுபடும் சத்தம் கேட்கும், உடனே தொண்டையில் எதுவோ அடைத்துக்கொண்டது போல இரண்டு மூன்று கக்கல், அதன் பிறகு அந்தச் சோறு, ஒரு பருக்கைகூட மெல்லப்படாமல், புளித்த வாடையோடு வாசலில் வந்து விழும். எங்கள் வயற் காவற்குடிசையில் நின்ற டைகருக்குச் சாப்பாடு என்றால் இவ்வளவுதான். பெயர்தான் டைகர், விலாவெலும்பை ஒன்று, இரண்டு என்று தூரத்திலிருந்தே எண்ணலாம். எங்களுக்கு முன் அந்த வயலைக் குத்தகைக்குச் செய்தவர் விட்டுப் போன நாய் அது. அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையில் ஆளில்லாத வெளியில் பட்டினி கிடந்து கிடந்து, சோற்றைக் கண்டால் பறித்துக்கொண்டு ஓடுவதைப் போலத்தான் அதற்கு விழுங்கத் தெரிந்திருந்தது.

எங்கள் வீடு கல்முனையில். வயல் சம்மாந்துறைக்கும் அப்பால், காட்டோரத்தில். வயல்வெளியை நாங்கள் "வட்டை" என்போம். கதிர் முற்றத் தொடங்கினால் வாப்பா வட்டையிலேயே தங்கிவிடுவார், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு மட்டும் வீட்டுக்கு வருவார். முந்திய போகத்தில் யானையை விரட்டக் கொளுத்திய வெடி ஒன்று கைக்குப் பக்கத்திலேயே வெடித்து, அவருக்கு ஒரு காது முழுதாகவும் மற்றது முக்காலும் போய்விட்டிருந்தது. காது கேளாத மனிதர் யானை வரும் வெளியில் தனியே கிடக்கிறார், அவருக்குக் காதாக இருக்கவேண்டிய நாயோ தின்றதையெல்லாம் கக்கிவிட்டுக் குரைக்கத் தெம்பில்லாமல் சுருண்டு படுத்திருக்கிறது. உம்மாவுக்கு இது விளங்கியதோ என்னவோ, எனக்கு விளங்கிவிட்டது. பள்ளிக்கூட விடுமுறை முழுக்க அந்தப் பயத்தோடேயே வட்டைக்குப் போய் வந்தேன். நாயின் வயிற்றில் சோறு தங்காவிட்டால் என் வாப்பா தங்கமாட்டார் என்றே நான் நினைத்தேன்.

நாய்க்குச் சோறு வைப்பதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. காவலுக்கு நாய் வளர்க்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் அதன் ஈரவாய் பட்ட ஏனமோ உடுப்போ "நஜீஸ்", அசுத்தம். ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்து. ஆகவே வீட்டு ஏனம் எதுவும் நாய்க்குக் கிடையாது, சிரட்டைதான். வாப்பா ஐந்து நேரமும் தொழுகிறவர், வட்டையில் இடுப்புக்கு மாற்றிக் கட்டும் சாரனும் ஒன்றிரண்டுதான். அதனால் வலக்கையால் சிரட்டையை எட்டி வைப்பார், இடக்கையில் பூவரசங்கம்பு ஒன்றை நாய்க்கும் தனக்கும் நடுவே நீட்டிப் பிடித்துக்கொள்வார். அடிப்பதற்கில்லை, சாரனில் வாய் பட்டுவிடக் கூடாது என்பதற்காக. வட்டையில் எல்லாருமே அப்படித்தான்.

நான் செய்து பார்க்காத வித்தையில்லை. ஒரு சிரட்டைச் சோற்றை நாலு சிரட்டையாகப் பிரித்து ஒவ்வொன்றாக வைத்தேன். அது சிரட்டையையும் சேர்த்துக் கடித்தது. உடைந்த சட்டியொன்றில் நடுவே பெரிய கல்லை வைத்துச் சுற்றிவரச் சோற்றைப் போட்டேன். கல்லைப் புரட்டிவிட்டு விழுங்கியது. கஞ்சியாகக் கரைத்து ஊற்றினேன். ஒரே மூச்சில் குடித்து, ஒரே மூச்சில் கக்கியது. பாதியில் சிரட்டையைக் கம்பால் தட்டி எடுத்துவிட்டால் பொறுமை பழகும் என்று வாப்பா சொன்னார், அதற்குப் பிறகு அது முன்னையைவிட வேகமாக விழுங்கியது. "ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கமாட்டான்" என்று பக்கத்து வயற்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று வரப்பில் குந்தியிருந்து அழுதேன்.

அழுதுகொண்டிருந்தபோதுதான் பார்த்தேன். வாப்பா பின்னேரத்து அசர் தொழுகைக்கு முன்னாகச் சோறு வைத்துக்கொண்டிருந்தார். டைகரின் வாய் சிரட்டைக்குள் இருந்தது, கண் மட்டும் மேலே, கம்பின் நுனியில். கம்பு அசைந்தால் ஒரு விழுங்கல், மறுபடி அசைந்தால் இன்னொன்று. எங்கள் சுத்தத்துக்காக நாங்கள் பிடித்த கம்பு என்று அதற்கு எப்படித் தெரியும்? சோறு வரும்போதெல்லாம் கம்பும் வருகிறது, கம்பு விழுமுன் தின்றுவிட வேண்டும் என்பது மட்டும்தான் அதற்குத் தெரிந்திருந்தது.

அடுத்த நாள் வாப்பா வாய்க்காலில் நின்ற நேரம் பார்த்து, கம்பை எடுத்துக் கூரையில் செருகினேன். உரப்பை ஒன்றைக் கிழித்து விரித்து, அதன்மேல் சோற்றை நெல் விதைப்பது போலத் தூவிவிட்டு, பக்கத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன். டைகர் வரவில்லை. கம்பைத் தேடியது. கடைசியில் வந்து, பொறுக்கிப் பொறுக்கித் தின்றது. இடையில் ஒருமுறை நின்று மூச்சும் விட்டது. தின்று முடிந்ததும் என் புறங்கையை நக்கியது, ஈரம் சூடாக இருந்தது. அன்றைக்கு அது கக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சந்தோசத்தில் இதை உளறியதுதான் பிழையாகப் போயிற்று. உம்மா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய், மண் தேய்த்து, ஏழு தரம் எண்ணி எண்ணிக் கையைக் கழுவினார். "ஓதப் போற புள்ள, குர்ஆனத் தொடுற கை. இனி வட்டப் பக்கம் உன்ன விடமாட்டன்" என்றார். உம்மா சொன்னால் சொன்னதுதான். நான் போகாவிட்டால் மறுபடி கம்பு வரும், மறுபடி கக்கல் வரும், கதிரோ பழுக்கத் தொடங்கிவிட்டது. அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வாப்பா ஜும்ஆ முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும், அவருடைய கேட்கும் காதோரமாகக் குனிந்து, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

"வாப்பா, கம்ப வெச்சிட்டுப் பக்கத்தில இருங்க. அது உங்களுக்குப் பயத்திலதான் முழுங்குது."

வாப்பா சோற்றைப் பிசைந்தபடி உம்மாவைப் பார்த்தார். உம்மா வேறெங்கோ பார்த்தார். வாப்பா என்னிடம், "அந்தப் பழைய நீலச் சாரன எடுத்துத் தா மகள். நாய்க்குச் சோறு வெக்கக்குள்ள அத உடுக்கிறன், தொழக்குள்ள மாத்துறன்" என்றார். அவ்வளவுதான். எத்தனை தரம் சாரன் மாற்றியிருப்பாரோ, எத்தனை தரம் மண் தேய்த்துக் கழுவியிருப்பாரோ, அதையெல்லாம் அவர் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கு வந்தவர், "இப்ப மென்டு திங்கிது" என்றார். அதற்கடுத்த வெள்ளிக்கு, "குரைக்கிது போல. வாய் அசையிறது தெரியிது" என்றார்.

அறுவடைக்குக் கிட்டத்தில் ஒருநாள் காலை, வாப்பா வெறுங்காலோடு, முழங்கால் வரை சேற்றோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். முந்தினநாள் அந்தியில் மஃரிப் தொழுகை நேரம் நடந்ததை நின்றபடியே சொன்னார்.

"நெத்திய நிலத்தில வெச்சி சுஜூதில இரிக்கன். பின்னால சாரனப் புடிச்சி இழுக்கிது. தொழுகையில வந்து வாய வெச்சிட்டே எண்டு கோவத்தில எழும்பி, அடிக்கத்தான் திரும்பினன். வாய்க்கால் கட்டில ஆன நிக்கிது, கையெட்டுற தூரம்."

காட்டுப் பக்கமிருந்து வரும் யானை அன்று வாய்க்காலால் சுற்றி, அவருடைய முதுகுப்புறமாக வந்திருக்கிறது. டைகர் குரைத்திருக்க வேண்டும், அவருக்குக் கேட்கவில்லை. கம்போடு நின்ற மனிதரிடம் அந்த நாய் ஒருநாளும் அவ்வளவு நெருங்கியிருக்காது. வாப்பா வரப்புப் பாய்ந்து ஓடித் தப்பினார், நாய் அங்கேயே நின்று குரைத்தது. விடிந்ததும் போய்ப் பார்த்தபோது குடிசை இருந்த இடத்தில் தடியும் ஓலையும்தான் கிடந்தன, டைகர் வாய்க்கால் தண்ணீரில் கிடந்தது.

சொல்லி முடித்தவர், சாரனில் நாய் வாய் பட்டதால் வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றார். உம்மா இறங்கிப் போய் அவருடைய கையைப் பிடித்து, "வாங்க உள்ளுக்கு" என்றார். பிறகு கிணற்றடியில் அந்தச் சாரனை மண் போட்டுக் கழுவினார். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு வந்தவருக்கு இடையில் எண்ணிக்கை தப்பிவிட்டது, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். உம்மா அழுததை நான் முதன்முதலாகக் கண்டது அன்றுதான்.

இப்போது அந்தப் பக்கம் மின்வேலி போட்டிருக்கிறார்கள். வெட்டும் மெசின் ஒரு பகலில் வயலை முடித்துவிட்டுப் போகிறது, தங்கிக் காவல் காப்பவர்கள் குறைவு, காவற்குடிசைகளும் இல்லை, அவற்றின் வாசலில் கிடந்த நாய்களும் இல்லை. வாப்பாவுக்கு மிச்சமிருந்த காதும் போய்விட்டது. பேச வேண்டியதைக் கைப்பேசியில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுகிறேன். போன நோன்புப் பெருநாளன்று, ஏனோ கேட்கத் தோன்றி, அன்று பாதியில் முறிந்த மஃரிபைப் பிறகு தொழுதீர்களா என்று எழுதிக் காட்டினேன். விடுபட்ட தொழுகையைப் பின்னர் தொழுது ஈடுசெய்வதை நாங்கள் "களா" என்போம்.

வாப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"ஓம் மகள், அண்டைக்கே களாச் செஞ்சிட்டன்" என்றார். கைப்பேசியைத் திருப்பித் தந்துவிட்டு, "அந்த நாய்க்குத்தான் ஒண்டும் செய்யேலாமப் போச்சி" என்றார்.