பதினோரு நாள் மூப்பு

தபாலில் வரும் விண்ணப்பத்தில் அன்றைக்கே தேதி முத்திரை குத்த வேண்டும் என்பது விதி. அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்சாலை ஒன்றில் அந்த முத்திரை என் பொறுப்பில் இருந்தது. மை தீர்ந்திருந்தது. புது மைக்கு அனுமதி வரும்வரை விண்ணப்பங்கள் என் மேசையில் காத்திருந்தன.

அவற்றில் ஒன்று விற்பனைப் பிரதிநிதி வேலைக்கானது. நேர்காணலுக்கு வந்தவர் ஒல்லியானவர். சட்டைக் காலரைத் திருப்பித் தைத்திருந்தார். எந்தக் கோப்பையைக் கண்டாலும் நகத்தால் சுண்டிக் காது கொடுத்துக் கேட்பார். மேனேஜர் முன்னிருந்த எங்கள் தயாரிப்பையும் சுண்டினார்.

"இதுல கீறல் இருக்குதுங்க. டீ ஊத்துனா மேசைதான் குடிக்கும்."

"விக்க வந்தவரே குறை சொல்லலாமா?" என்றார் மேனேஜர்.

"நான் சொன்னா அடுத்த வாரமும் கதவத் தொறப்பாங்க. அவங்களா கண்டுபுடிச்சா நாய அவுத்து வுட்டுடுவாங்க."

மேனேஜர் சிரித்து அவரையே தேர்ந்தெடுத்தார். ஆனால் வயது வரம்பு முப்பது. விண்ணப்பம் வந்த அன்று அவர் வரம்புக்குள் இருந்தார்; நான் முத்திரை குத்திய அன்று பதினோரு நாள் மூத்துவிட்டார். முத்திரையைத் திருத்த விதி இல்லை. தலைமை அலுவலகத்திடம் விலக்குக் கேட்க விதி உண்டு. கேட்டோம்.

திங்கள்தோறும் வந்து விசாரித்தார். "இன்னும் வரலிங்களா சார்? பரவால்ல, போயிட்டு வரேங்க." மை விஷயத்தை நான் சொல்லவில்லை. அவர் அறிந்திருந்தாரா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. இரண்டாம் வருஷம் வருவதை நிறுத்திக்கொண்டார். சேத்தியாத்தோப்பில் உரம் விற்கிறார் என்றார்கள்.

பதினோரு நாளை மன்னித்து, உடனே வேலையில் சேரச் சொன்ன பதில் அதற்கடுத்த வருஷம் போகியன்று வந்தது.