யாருமில்லாத கட்டில்

சிதம்பரம் கீழ வீதியில் இன்டர்வியூ முடிந்ததும் தங்கை விறுவிறுவென்று வெளியே வந்தாள். சர்டிபிகேட் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். ஆட்டோ பிடிக்கலாமா என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் கையைக் காட்டிவிட்டு நடையைக் கூட்டினாள். பின்னால் பிரவுசிங் சென்டர் வாசலில், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் அடுத்த பெண்ணை உள்ளே அனுப்பிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அது 2010. தங்கை சிதம்பரத்தில் நர்சிங் படித்துவிட்டு, கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான்கு வருடமாக வேலை பார்த்தாள். அயர்லாந்தில் வயதானவர்களுக்கான ஒரு மருத்துவமனைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆங்கிலப் பரீட்சையை இரண்டாம் தடவையில் தேறி, கடைசியாக இந்தக் கம்ப்யூட்டர் இன்டர்வியூவுக்கு வந்திருந்தாள். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரியில் கிளீனர், ஓட்டலில் சப்ளையர், மங்களூரில் மீன்பிடி போட்டில் சமையல் என்று சுற்றிவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தேன். மறுநாள் மங்களூருக்குத் திரும்புவதாக இருந்தேன். துணைக்கு வா என்று கூப்பிட்டாள், போனேன்.

இன்டர்வியூ நடந்தபோது பிளைவுட் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். ஹெட்போனில் ஒரு காது வேலை செய்யாததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள். ஓட்டல்களில் வெள்ளைக்காரர்களுக்குச் சாப்பாடு வைத்துப் பழகியவன் என்பதால் பாதிக்கு மேல் எனக்கும் புரிந்தது. மருந்து அளவு, சர்க்கரை, படுக்கைப் புண் என்று அந்த ஊர் தலைமை நர்ஸான மேட்ரன் எதைக் கேட்டாலும் தங்கை தயங்காமல் சொன்னாள். பிறகு அவர், எழுந்திருக்க முடியாத ஒரு கிழவர் படுத்திருக்கிறார், நீ காலை ஷிப்டுக்கு வருகிறாய், என்னென்ன செய்வாய் என்று கேட்டார். காய்ச்சல் பார்ப்பேன், பிரஷர் பார்ப்பேன், மாத்திரை கொடுப்பேன், டாக்டர் ரவுண்ட்ஸுக்கு எல்லாம் எடுத்து வைப்பேன் என்றாள்.

"அவரைக் குளிப்பாட்டியது யார்? காலைச் சாப்பாடு ஊட்டியது யார்?"

"அட்டெண்டர்."

"அது யார்?"

"அவர் மனைவி. இல்லையென்றால் மகன்."

"அவருக்கு யாரும் இல்லை. தனியாக இருக்கிறார்."

தங்கை கொஞ்சம் யோசித்தாள். அவர் வீட்டுக்குப் போன் செய்து யாரையாவது உடனே வரச் சொல்வேன் என்றாள்.

அத்தோடு நன்றி சொல்லி முடித்துவிட்டார்கள்.

கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குப் பேச்சு வந்தது.

"யாரும் இல்ல, யாரும் இல்லன்னு அந்தம்மா சொல்லுதுண்ணா. எனக்கு மண்டையில ஏறவே இல்ல."

"உங்க ஆஸ்பத்திரில அப்படி ஒருத்தன் வந்தா என்னா பண்ணுவீங்க?"

"கூட ஆள கூட்டிக்கினு வான்னு அனுப்பிடுவாங்க." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "காலேஜ்ல பொம்மைய பெட்ல போட்டு, பக்கம் பக்கமா திருப்பிக் குளிப்பாட்டினேன். அந்த பொம்மைக்குக் கூட வந்தவங்க யாரும் கெடையாது. அதான் நானே செஞ்சேன்."

அவள் சிரித்ததால் விஜயவாடா சங்கதியைச் சொன்னேன். அங்கே ஓட்டலில் இருந்தபோது டைபாய்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, பேச்சுப் புரியாத ஒரு தெலுங்கு அம்மாள், புருஷனுக்கு ஊட்டிய கையோடு எனக்கும் கஞ்சி ஊட்டுவார். அவர் புருஷனை டிஸ்சார்ஜ் செய்தபின் அந்தக் கஞ்சியும் நின்றது. அங்கிருந்த நர்சுகள் கெட்டவர்கள் இல்லை. ஊசி ஒருநாளும் நேரம் தப்பியதில்லை. ஊட்டுவது அவர்கள் வேலை என்று அவர்களும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

"வூட்டுக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா அம்மா ரயிலேறி வந்துடும்."

நம் பக்கத்தில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் பாய், வாளி, பிளாஸ்க்கோடு வீடே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறது. நர்சுக்கு மிஞ்சுவது ஊசியும் சார்ட்டும்தான். அயர்லாந்தில் வீடு உடன் வராது போலிருக்கிறது. வீடு செய்வதையும் நர்சே செய்ய வேண்டும். இதற்காகவா இத்தனை படித்தாள் என்று எனக்குத் தோன்றியது. கேட்டும் விட்டேன்.

"அப்பன் வயசு ஆம்பளைக்கெல்லாம் கழுவி உடணும். முடியுமா உன்னால?"

"முடியாதுன்னு இல்ல. செஞ்சதில்ல." சர்டிபிகேட் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "பயமாத்தான் இருக்கு."

புதுச்சத்திரம் தாண்டும்போது ஏஜென்ட் போன் செய்தார். மற்ற எல்லாவற்றிலும் மேட்ரனுக்குத் திருப்தியாம். நோயாளிக்கு எல்லாவற்றையும் நர்சே செய்கிற இடத்தில் ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு வந்தால் மறுபடி பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். அப்படி வேலை பார்த்ததாக ஒரு சர்டிபிகேட் தயார் செய்துவிடலாம், மேடம் கவலைப்பட வேண்டாம் என்றார் ஏஜென்ட்.

"வேணாம் சார். அங்க போய் கட்டிலுக்கு முன்னால நின்னா, பேப்பரா குளிப்பாட்டும்?" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பிறகு தானாகவே பேசினாள். கடலூருக்கு வெளியே கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. யாருமற்றவர்களைத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள். படிக்கும்போது அங்கே மருத்துவ கேம்புக்குப் போயிருக்கிறாள். நர்ஸ் கிடைக்காமல் எப்போதும் தவிக்கிறார்கள். தங்க இடமும் சாப்பாடும் உண்டு, சம்பளம் என்று சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை.

அப்பா போனபின் வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. நான் அனுப்பிய பணமெல்லாம் அனுப்பியபோது அனுப்பியதுதான். ஆலப்பாக்கம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. வீட்டைப் பார்த்துக்கொள் என்று அவள் கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. கேட் திறக்கும்வரை முந்திரிப்பருப்பு விற்கிறவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு மாசம்தான? நீ போய்ச் சேரு. வூட்ட நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"யாரு, நீயா? நீ ஒரு ஊர்ல ஆறு மாசம் இருந்தா அந்த ஊருக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு அர்த்தம்."

"ஆவட்டும்."

"மங்களூரு?"

"அது எங்க ஓடிடப் போவுது."

என்னை ஒருதரம் உற்றுப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் கடலூர் முதுநகரில் இறங்குவதற்குள், ஆஸ்பத்திரியில் எப்படிச் சொல்லிக்கொண்டு விலகுவது என்று பேச ஆரம்பித்திருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் துறைமுகத்துப் பக்கம் போனேன். ஐஸ் பேக்டரியில் ஆள் கேட்கிறார்கள் என்று டீக்கடையில் சொன்னார்கள். மேஸ்திரி வெற்றிலையை மென்றபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தினி நாளைக்கி?"

"ஆறு மாசம் இருப்பேன்."

"எல்லாப் பயலும் அதான் சொல்றான். ரெண்டு வாரத்துல கை மரத்துப் போச்சுன்னு ஓடிடறான்."

கேட்டுக்கொண்டு நின்றேன். சுவரில் மாட்டியிருந்த இரும்புக் கொக்கியை எடுத்து என்னிடம் கொடுத்து, மீன்பிடி போட்டுகள் கிளம்புவதற்குள் ஐஸை அரைத்து முடிக்கணும் என்றார். அச்சிலிருந்து கவிழ்த்த ஐஸ் கட்டிகள் ஈரத் தரையில் வரிசையாகக் கிடந்தன. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் கட்டியில் கொக்கியைப் போட்டு, அரவை மெஷின் பக்கமாக இழுத்தேன்.